மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகளுக்கு வைட்டமின் மாத்திரைகள் உதவுமா?

முல்லை (கேள்வி):
மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பிருந்தே எனக்கு மார்பு கனத்து வலிக்கிறது, வயிறு உப்புகிறது, காரணமின்றி அழுகையும் எரிச்சலும் வருகின்றன. உதிரப்போக்கு தொடங்கிய ஓரிரு நாட்களில் எல்லாம் தணிந்துவிடுகின்றன. வைட்டமின் பி6 மாத்திரை நாளுக்கு 100 மில்லிகிராம் உண்டால் போதும் என்று உடன் பணிபுரியும் தோழி கூறுகிறார். தைராய்டு குறைபாட்டுக்காகத் தினமும் காலையில் தைராக்சின் உண்கிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வேம்பு:
சகோதரி, இத்தொல்லைக்குப் பி6-ஐவிடக் கால்சியத்துக்கே உறுதியான சான்று இருப்பதாகக் கருதுகிறேன். 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் உண்ட பெண்களுக்கு மூன்றாம் மாதச் சுழற்சிக்குள் தொல்லைகள் 48 விழுக்காடு குறைந்தன. ஆனால் மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் 30 விழுக்காடு குறைந்தன என்பதையும் மறந்துவிடலாகாது. உங்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது நேர இடைவெளி. கால்சியம் குடலில் தைராக்சினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுப்பதால், இரண்டுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும். காலையில் தைராக்சினும், மதிய, இரவு உணவுகளோடு கால்சியமும் என்று பிரித்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. 100 கிராம் கேழ்வரகிலேயே ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பதால், உணவில் கிடைப்பதைக் கணக்கிட்டு, எஞ்சியதற்கு மட்டும் மாத்திரை உண்பதே நல்லது.

செம்பருத்தி:
பி6 பற்றி மட்டும் சொல்கிறேன். அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்து 1999-இல் வெளியான ஆய்வு, 100 மில்லிகிராம் வரை ஓரளவு பயன் இருக்கக்கூடும் என்றது; எனினும் அச்சோதனைகளுள் பெரும்பாலானவை தரம் குறைந்தவை என்றும் அதுவே குறிப்பிட்டது. மிகுதியாக நெடுங்காலம் உண்டால் பி6 நரம்புகளைப் பாதித்து, கை கால்களில் மதமதப்பை உண்டாக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்திருக்கும்போது, தோழி சொன்னார் என்பதற்காக 100 மில்லிகிராம் உண்பதை நான் ஏற்கவில்லை. ஏற்கெனவே பி காம்ப்ளக்ஸ் உண்பவரானால், அட்டையில் 'பைரிடாக்சின்' (பி6-இன் மறுபெயர்) என்று குறித்திருக்கும் அளவையும் கூட்டிப் பாருங்கள்.

தும்பை:
எதைத் தொடங்கும் முன்பும், இரண்டு சுழற்சிகளுக்கு நாள்தோறும் அறிகுறிகளைக் குறித்து வைத்து, அக்குறிப்புடன் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அளவு சரியாக இல்லாவிட்டாலும் சோர்வும் மனச்சோர்வும் வரும் என்பதால், தைராய்டு செயல்பாட்டைக் காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனையும் அவசியம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் வைட்டமினை நம்பிக் காத்திருக்காதீர்கள். அதற்குப் பயன் தரும் மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.