ஏறாப்பட்டியா, ஏரிப்பட்டியா?

எங்கள் குடும்பத்து வயல் ஒன்றுக்கு ஏறாப்பட்டி என்று பெயர். மொத்தமே ஒரு ஏக்கர் இருபது சென்ட்தான். "அது மேடுடா, தண்ணி ஏறாது, அதான் ஏறாப்பட்டி" என்று தாத்தா சொல்லி, பெரியப்பா சொல்லி, நானும் கேட்பவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வருஷம் நடவு சமயத்தில் வரப்பில் நின்றபோதுதான் உறைத்தது: இந்த வயல் ஏரி மதகுக்கு நேர் கீழே கிடக்கிறது, மதகைத் திறந்தால் முதலில் நனைவதே இதுதான். அப்புறம் எந்தத் தண்ணி ஏறவில்லையாம்?

சரி, காகிதத்தில் பார்ப்போம் என்று கிளம்பினேன். பட்டாவில் சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு, தீர்வை, அவ்வளவுதான். 1979இலிருந்து 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். வேலைக்கு அப்புறம் வந்த காகிதங்களில் வயலின் பெயரைத் தேடுவது வீண் வேலை. எங்கள் வில்லங்கச் சான்றிதழும் நம்பரோடு நின்றுவிட்டது. 1980இல் கர்ணம் என்கிற கிராமக் கணக்குப்பிள்ளை பதவியை ஒழித்தபோது ஊர்க் கணக்கெல்லாம் வாய்மொழியாகத் தெரிந்த ஆட்களும் ஒதுங்கிவிட்டார்கள், கேட்கவும் ஆள் இல்லை.

எங்கள் சொந்தப் பத்திரத்தில் "நம்முடைய நஞ்சை" என்றுதான் இருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்ச நாள் தேடுவதையே விட்டுவிட்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது. நம் நிலத்துக்குப் பெயர் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை, பக்கத்து நிலத்துக்காரருக்குத்தான் உண்டு. அவருடைய பத்திரத்தில் நாம் நான்கெல்லையில் ஒரு எல்லை. மேற்கே ஒட்டிய வயல்காரர் வீட்டில் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார்கள். முத்திரைத்தாளில் ராஜா தலை, மடிப்பில் மடிப்பில் கிழிசல், பழைய கை எழுத்து, மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது. விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன்: "மதகுக காலவாயககு வடககு, ஏரிபபடடிககு மேறகு." புள்ளி வைத்துப் படித்தால் ஏரிப்பட்டிக்கு மேற்கு. பெயரில் றகரமும் இல்லை, துணைக்காலும் இல்லை. ரகரத்தின் மேல் சுழி மட்டும் தெளிவாக இருந்தது.

ஏரிப்பட்டி என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் சொல். ஏரியைத் தூர்வார, கரை கட்ட ஆகும் செலவுக்கென்று ஒதுக்கிவிட்ட நிலம் அது. இந்தப் பட்டிக்கும் ஆட்டுப்பட்டிக்கும் சம்பந்தம் இல்லை. உத்திரமேரூரில் சோழ மன்னன் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளைப் பார்த்தால் ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்றே தனியாக வைத்திருந்திருக்கிறார்கள். அதற்காக எங்கள் வயலும் சோழன் விட்டது என்று நான் கிளம்பவில்லை. ஊரில் ஏற்கெனவே அப்படி ஆரம்பித்துவிட்டார்கள், அது வேறு கதை. பின்னாளில் யாராவது ஏரி வேலைக்கு மானியமாக விட்டிருந்தாலும் அதே பெயர்தான் நின்றிருக்கும். ஆனால் மதகடியில் இருக்கிற வயலுக்கு இது பொருந்துகிற மாதிரி தாத்தா கதை பொருந்தவில்லை. ஏரிப்பட்டி வாயில் தேய்ந்து ஏரப்பட்டி ஆகி, அர்த்தம் மறந்த யாரோ ஒருவர் அதற்கு ஒரு கதை கட்டியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

பெரியப்பாவிடம் பத்திரத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "எழுதினவன் தப்பா எழுதிட்டான்டா" என்றார்.

இந்தத் தை மாதம் பாகப்பிரிவினை எழுதினோம். சொத்து விவரத்தில் "ஏரிப்பட்டி என்று வழங்கும்" என்று சேர்க்கச் சொன்னேன். பத்திரம் எழுதுபவர் "நம்பர் போதும் சார், பேரெல்லாம் யார் கேக்கறாங்க" என்று முனகிக்கொண்டேதான் தட்டினார். வாங்கிப் பார்த்தால் "எரிப்பட்டி". நல்லவேளை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கண்ணில் பட்டது.