மிங்கஸ் ஆ அம்: எந்தப் பதிப்பு? சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் பேஸ் ஏன் குழம்புகிறது?

நாலுகம்பி:
டபுள் பேஸ் பழகுகிறேன். ஜாஸ் பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’ எல்பி இசைத்தட்டை வாங்கப் போகிறேன். இணையத்தில் அதிலுள்ள ‘பேர்ட் கால்ஸ்’ உருப்படி ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கடையில் பார்த்த தட்டில் மூன்றே நிமிடம். எது சரி? ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’ உருப்படிக்குப் பாடல் வரிகள் உண்டாமே, அதையும் காணோம்.
இன்னொன்று. அறை 3 × 3.6 மீட்டர், உயரம் 2.6. ஐந்து அங்குல ஸ்பீக்கர் இரண்டும் 3 மீட்டர் சுவரோடு ஒட்டிய அலமாரியில், நாற்காலி எதிர்ச்சுவர் ஓரம். பேஸில் சில ஸ்வரம் மட்டும் ‘கும்’மென்று வீங்குகிறது, சிலது காணாமலே போகிறது. சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) வாங்கவா?

பீஷான்ஜாஸ்:
இரண்டுமே சரி. 1959 மே 5, 12 தேதிகளில் நியூயார்க்கில் பதிவானது. அந்த ஆண்டு வந்த தட்டில் ஆறு உருப்படிகளை வெட்டிவிட்டார்கள். முழு வடிவம் 1979இல்தான் வெளியே வந்தது. நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ‘பேர்ட் கால்ஸ்’ 3:12 என்றால் வெட்டியது, 6:17 என்றால் முழுசு. ‘ஜெல்லி ரோல்’ 4:01, 6:15. பேஸ் பழகுபவர் முழுசையே வாங்குங்கள். வெட்டுப்பட்டதில் பெரும்பகுதி தனி வாசிப்புதான், அதன் அடியில் மிங்கஸ் என்ன செய்கிறார் என்பதில்தான் பாடமே இருக்கிறது.
‘ஃபேபிள்ஸ்’ வரிகளை, தட்டை வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் அனுமதிக்கவில்லை. லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்களைத் தடுத்த அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநில ஆளுநர் ஃபாபஸைச் சாடும் வரிகள். 1960இல் கேண்டிட் நிறுவனத்துக்காகப் பதிந்த தட்டில் மிங்கஸும் டிரம்ஸ் வாசிக்கும் டேனி ரிச்மண்டும் சேர்ந்து கத்துவதைக் கேளுங்கள்.

அடித்தந்தி:
சப்வூஃபர் வேண்டவே வேண்டாம். கோளாறு அறையில். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை அளவின் இரு மடங்கால் வகுத்தால் 3.6க்கு 48, 3க்கு 57, உயரத்துக்கு 66 ஹெர்ட்ஸ். அந்த ஒலிகள் சுவர்களுக்கு இடையே எதிரொலித்து வலுக்கும். டபுள் பேஸின் திறந்த (விரல் அழுத்தாத) ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அதனால்தான் அதைச் சுற்றியுள்ள ஸ்வரங்கள் சுவரோரம் வீங்குகின்றன, அறையின் நட்டநடுவில் மெலிகின்றன. பேஸ் குமிழை ஏற்றினால் வீங்கியதுதான் இன்னும் வீங்கும்.
ஸ்பீக்கரை அலமாரியிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வையுங்கள், பின்சுவரிலிருந்து 50 செ.மீ. தள்ளி, மூலையில் வேண்டாம். நாற்காலி உங்கள் பின்சுவரிலிருந்து 1.35 மீட்டரில் தொடங்கட்டும். அதே தட்டிலுள்ள ‘பெட்டர் கிட் இட்’ தொடக்கத்தில் பேஸைத் தனியாகக் கேட்கலாம். அதையே திரும்பத் திரும்பப் போட்டு, பத்துப் பத்து செ.மீ.யாக நாற்காலியை நகர்த்துங்கள். ஸ்வரங்கள் சமமாக வரும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டு ஒப்பிடுங்கள்: அதில் சமமாக இருந்தால் தட்டின் மேல் தப்பில்லை.
விரல் கம்பியை விடும் ‘டக்’ கேட்கிறதா? அது நடு அலைவரிசை. உங்கள் ஐந்து அங்குலமே தாராளம்.

பீஷான்ஜாஸ்:
ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பர் பேட் போடுங்கள், கீழ்வீட்டுக்கு அதிர்வு கொஞ்சம் குறையும். ஒலிக்கருவி எதையும் கேட்டுப் பார்த்து வாங்க, அதற்கான கடைகள் உள்ள கோல்மன் தெரு அடெல்ஃபி கட்டடத்துக்குப் போகலாம். தட்டை நிமிர்த்தியே வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் காகித உறையில் பூஞ்சை பிடிக்கும், உள்ளுறையை பாலித்தீனுக்கு மாற்றிவிடுங்கள்.

நாலுகம்பி:
நாற்காலி 1.25இல் நின்றுவிட்டது. ஏ கம்பி அடங்கிவிட்டது. மேலே பி ஃபிளாட் மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

அடித்தந்தி:
அது 58 ஹெர்ட்ஸ், பக்கவாட்டுச் சுவர்களின் வேலை. ஒரு ஸ்பீக்கரை மட்டும் பக்கச்சுவரிலிருந்து இன்னும் 15 செ.மீ. உள்ளே தள்ளிப் பாருங்கள்.