'ஹெவி ஃபீவர்' லீவு லெட்டரும் இடம் மாறிய ஜோடிகளும்

மெய்ப்புத் திருத்துபவர்:
ஒரு லீவு லெட்டரில் கண்ட வரி இது: 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஹெவி ஃபீவர்.' இலக்கணம் சரி, சொல்லுக்குச் சொல் பொருளும் சரி. ஆனாலும் படித்த உடனே இடறுகிறது. ஃபீவரோடு சேர்வது 'ஹை': 'ஐ ஹேவ் எ ஹை ஃபீவர்.' தமிழில் காய்ச்சல், வலி, தலைவலி எல்லாவற்றுக்கும் 'கடுமையான' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வழக்கமாகச் சேர்ந்து வரும் ஜோடிச் சொல் தனி: ஹை ஃபீவர், சிவியர் பெயின், பேட் ஹெட்டேக். நோய் என்று வந்தால் 'ஹெவி'யைத் தொடவே வேண்டாம்.

மொழிபெயர்ப்பு மேசை:
'தொடவே வேண்டாம்' என்பதை ஏற்க முடியாது, சார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஹெவி கோல்ட்' நல்ல ஜோடி. 'ஹெவி ப்ளீடிங்' டாக்டர்களே எழுதுவது. ஃபீவருக்கு ஆகாது என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

இதைவிட ஆபத்தானது புயல் செய்தி ஒன்றில் வந்த 'ஸ்ட்ராங் ரெய்ன் அண்ட் ஹெவி விண்ட்'. இரண்டும் இடம் மாறிவிட்டன. 'பலத்த மழை, பலத்த காற்று' என்று தமிழில் ஒரே அடைமொழி வருவதால் நேரும் பிழை. 'கனமழை'யை நினைத்துக்கொண்டால் தப்பாது: கனம்தான் ஹெவி. காற்றுக்கு ஸ்ட்ராங். இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு 'ஹெவி' ஓர் அளவு: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை ஹெவி, 204.4 வரை வெரி ஹெவி, அதற்கும் மேல் எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. அங்கே 'ஸ்ட்ராங்' போட்டால் எவ்வளவு மழை என்பதே தொலைந்துபோகும்.

ஸ்போக்கன் வகுப்பு:
'வீ டிஸ்கஸ்டு அபவுட் த சேலரி.' இன்டர்வியூக்களில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம். 'சம்பளத்தைப் பற்றி' என்பதில் உள்ள 'பற்றி'தான் 'அபவுட்'டாக ஒட்டிக்கொள்கிறது. வினையாக வந்தால் 'வீ டிஸ்கஸ்டு த சேலரி', அவ்வளவுதான். பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் 'அபவுட்' வேண்டும்: 'வீ ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் த சேலரி.'

ஜோடிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். 'மேக்' என்று தலைப்பிட்டு இருபது சொல் எழுதினால் பேசும்போது ஒன்றும் வாய்க்கு வராது. பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தின் நடுவில் 'டிசிஷன்'. இடப்பக்கம் அதோடு வரும் வினைகள்: மேக், ரீச். அவற்றுக்குக் கீழே அடைமொழிகள்: டஃப், ஹேஸ்டி. வலப்பக்கம் 'ஆன்', 'அபவுட்'. அடியில் ஒரே ஒரு முழு வாக்கியம்: 'தே ரீச்டு எ டிசிஷன் ஆன் த டிரான்ஸ்ஃபர் ஆஃப்டர் டூ மீட்டிங்ஸ்.' ஒரு நாளைக்கு மூன்று பெயர்ச்சொல் போதும். மறுநாள் வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். முதலில் நழுவுவது அந்தச் சின்னச் சொல்தான். 'மேரீட் வித்' வருவதும் இதனால்தான். 'உடன்' என்பது 'வித்' ஆகிவிடுகிறது. சரியானது 'ஷீ இஸ் மேரீட் டு எ டாக்டர்.'

'டேக் எ டிசிஷன்', 'ரைட் அன் எக்ஸாம்' இரண்டும் தவறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மெய்ப்புத் திருத்துபவர்:
மேசைக்காரர் சொன்ன ஹெவி கோல்ட், ஹெவி ப்ளீடிங் இரண்டும் சரி, ஏற்கிறேன். ஆனால் மேடம், பிரிட்டனில் 'மேக்'கோடு 'டேக் எ டிசிஷன்' என்பதும் வழங்குகிறது, அமெரிக்காவில் பெரும்பாலும் 'மேக்'தான். 'ரைட் அன் எக்ஸாம்' கனடாவிலும் உண்டு. லண்டனுக்கு எழுதும்போது 'சிட்' அல்லது 'டேக்' போடலாம். எந்த ஊரிலும் செல்லாதது 'டூ எ மிஸ்டேக்'. 'தப்பு செய்'யிலிருந்து வருவது அது. 'ஹீ மேட் எ மிஸ்டேக் இன் த பில்' என்றே எழுத வேண்டும்.