தந்தையின் தோல் பையில் பூசணம்: துடைத்த பிறகும் திரும்ப வருகிறது

கேள்வி (வால்பாறையிலிருந்து)

வணக்கம். என் தந்தையார் தேயிலைத் தோட்டத்தில் கள அலுவலராக இருந்தபோது, 1983இல் கோயம்புத்தூரில் வாங்கிய பழுப்பு நிறத் தோல் பை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. செக்ரோல் எனப்படும் தொழிலாளர் வருகைப் பதிவேடுகளை அதில்தான் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். அவர் மறைந்த பிறகு அதை மர அலமாரியில் வைத்துக் காத்து வருகிறேன். இந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை தொடங்கி மூன்று வாரம் கழித்து அலமாரியைத் திறந்தபோது, பையின் மடிப்புகளிலும் தோள்வாரிலும் வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது; அதே தட்டில் இருந்த கறுப்புக் காலணிகளில் பச்சை கலந்த சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தன. இரண்டையும் ஈரத் துணியால் துடைத்து, பைக்கு மட்டும் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் பூசி வைத்தேன். நான்கே நாளில் பையில் முன்பைவிட அதிகமாக வெண்மை படர்ந்துவிட்டது. வெயிலில் வைக்க இங்கே வெயில் இல்லை. வினிகர் போடு என்கிறார் ஒருவர், ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் துடை என்கிறார் இன்னொருவர். பையைக் கெடுத்துவிடுவேனோ என்று அஞ்சியே கேட்கிறேன்.

பதில் 1 (ஆம்பூரிலிருந்து)

சகோதரி, முதலில் ப்ளீச்சிங் பவுடர் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். அது பூசணத்தைக் கொல்வதோடு தோலின் நாரையும் நிறத்தையும் சேர்த்து அரித்துவிடும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், உங்கள் பையில் இப்போது இருப்பது முழுவதும் பூசணம்தானா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையக்கூடியது. மழைக்கால வால்பாறையில் வீட்டுக்குள்ளேயே அது கட்டியாகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். தோலுக்குள் அளவுக்கு மீறி ஏறிய எண்ணெய் குளிரில் மேற்பரப்புக்கு வந்து உறைந்தால், பார்ப்பதற்குப் பூசணம் போலவே வெள்ளையாகத் தெரியும். எண்ணெய் பூசாத பழைய தோலிலும், பதனிடும்போது ஊட்டிய கொழுப்பு இப்படி வெளியே பூப்பதுண்டு.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. தலைமுடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்து, வெண்மையான ஓர் இடத்தில் சில நொடிகள் மட்டும் காட்டிப் பாருங்கள். கொழுப்பானால் உருகித் தோலுக்குள் மறையும். பூசணமானால் அப்படியே இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பஞ்சு போன்ற இழைகள் தெரியும், மக்கிய வாடையும் வரும். உருகி மறைகிற இடத்தை உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே தடவையில் தீராது, இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியிருக்கும். இனி அந்தப் பைக்குத் தேங்காய் எண்ணெய் காட்டாதீர்கள். மேலே தங்கும் எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துப் பூசணத்துக்கு உணவாகவும் ஆகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பழுப்புப் பை பெரும்பாலும் தாவரப் பட்டையில் பதனிட்ட தோலாக இருக்கும். எங்கள் பக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் பழைய முறை. பிறகு வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது. அவ்வகைத் தோல் ஈரத்தை நன்றாக இழுத்துக்கொள்வதால், குரோமிய உப்பில் பதனிட்ட தோலைக் காட்டிலும் எளிதில் பூசணம் பிடிக்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு உடனே எண்ணெய் பூசியதில் அந்த ஈரமும் உள்ளேயே தங்கியிருக்கும்.

பதில் 2 (தஞ்சாவூரிலிருந்து)

தோல் அட்டையிட்ட பழைய நூல்களைச் செப்பனிடுவது என் வேலை. பூசணம் என்று உறுதியான இடங்களுக்கு நான் கையாளும் முறையை எழுதுகிறேன்.

தண்ணீர் படுவதற்கு முன் உலர்ந்த நிலையில் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட வேண்டும். ஈரத் துணியோடு தொடங்கினால் பூசணத்தின் நுண்ணிய வித்துகளைத் தோலின் நுண்துளைகளுக்குள் நாமே தேய்த்து ஏற்றிவிடுவோம். முகக்கவசம் அணிந்துகொண்டு, வீட்டுக்கு வெளியே அல்லது திறந்த சன்னலருகே, மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். மடிப்புகளையும் தையல் வரிகளையும் பையின் உட்புறத்தையும் மறக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

அடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். பிழிந்த துணியிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது. பையின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் தொட்டுப் பார்த்து, துணியில் நிறம் ஏறினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால் சிறு சிறு பகுதியாகத் துடைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் துணியின் புதிய பக்கத்தைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரும் ஓரளவு பயன் தரும், ஆனால் தாவரப் பட்டையில் பதனிட்ட பழைய தோலுக்கு மேலும் அமிலம் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. பிறகு பைக்குள் பழைய துணியை அடைத்து உருவம் கெடாமல், மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் நிழலில் உலர்த்துங்கள். வெயில் இல்லையே என்று வருந்த வேண்டாம். நேர் வெயிலும் அடுப்பு அனலும் தோலை விறைக்கவைத்து வெடிக்கச் செய்பவை.

இத்தனைக்கும் முன்பாக ஒரு சோதனை கட்டாயம். பையை வெறும் விரலால் தேயுங்கள். செந்நிறப் பொடி ஒட்டினால், அது தோலின் நாரே சிதைந்து பொடியாகும் நோய். அவ்வகைப் பழைய தோலில் இதை அடிக்கடி பார்க்கிறோம். அப்படிப்பட்ட தோலில் ஈரம் பட்டால் அந்த இடம் கறுத்து விறைத்துப்போகும், பிறகு மீட்க முடியாது. பொடி வந்தால் பிரஷ்ஷோடு நிறுத்திக்கொண்டு இங்கே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விரலில் பொடி வரவில்லை. மிதமான சூட்டைக் காட்டியதும் பையின் முன்மடிப்பில் இருந்த வெண்மை கண்முன்னே உருகி மறைந்தது. தோள்வாரின் தையல் ஓரத்தில் மட்டும் மறையவில்லை. ஆக, பாதிக்கு மேல் நான் பூசிய எண்ணெய்தான். தோள்வாரையும் காலணிகளையும் ஆல்கஹால் கலவையால் துடைத்துவிட்டேன், நிறம் போகவில்லை. இனி இவற்றை அதே அலமாரியில் வைக்கலாமா? அந்துருண்டை போட்டால் போதுமா?

பதில் 3 (குன்னூரிலிருந்து)

அலமாரியைச் சுத்தம் செய்யாமல் பையை உள்ளே வைக்காதீர்கள், ஏனெனில் மரத்தட்டிலேயே வித்துகள் இருக்கும். தட்டுகளையும் பின்பலகையையும் அதே ஆல்கஹால் கலவையால், அருகில் நெருப்பு இல்லாமல், துடைத்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். அந்துருண்டை ஈரத்தை உறிஞ்சாது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரத்தான் செய்யும். மலையில் மழைக்காலத்தில் அது 90ஐத் தொடுகிறது. ஆகவே சிறிய ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்து அளவைப் பாருங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும், வாரத்துக்கு இருமுறை கதவைத் திறந்து மின்விசிறி போடுவதும் எங்கள் வீட்டில் பெரிய மாற்றத்தைத் தந்தன.

பையை பாலிதீன் உறையில் கட்டாதீர்கள், பருத்தித் துணிப்பை போதும். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள் திறந்த அலமாரியில் வீண். இறுக்கமாக மூடும் பெட்டியில்தான் வேலை செய்யும், அதையும் அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். காலணிகளின் உள்தட்டைக் கழற்றித் தனியாக உலர்த்துங்கள். வியர்வையும் பசையும் சேர்ந்த அந்த அடிப்பகுதியில்தான் பூசணம் ஒளிந்திருக்கும், வெளியே எவ்வளவு துடைத்தாலும் அங்கிருந்து ஒரு மாதத்துக்குள் மீண்டும் ஏறி வந்துவிடும்.