0.61 கிராம் ஆந்தைக் காசு: ஏதென்ஸ் ஒபோலா, போலியா?

கேள்வி:
சின்ன வெள்ளிக் காசு ஒன்று. 0.61 கிராம், குறுக்களவு 9 மி.மீ. ஒரு பக்கம் தலைக்கவசத்தோடு கிரேக்க தேவி அதீனா. மறுபக்கம் ஆந்தை: உடல் வலப்பக்கம் திரும்பி, முகம் நம்மைப் பார்த்து. மேலெல்லாம் கறுப்பு. ஒபோல் (பண்டைய ஏதென்ஸின் சில்லறைக் காசு) 0.72 கிராம் என்கிறார்கள். அப்படியென்றால் இது அரை ஒபோலா? கறுப்பை எடுக்கலாமா?

பதில் 1:
ஆறு ஒபோல் சேர்ந்தது ஒரு திராக்மா. 0.72 என்பது 4.3 கிராம் திராக்மாவை ஆறால் வகுத்துக் கிடைக்கும் கணக்கு. புழங்கித் தேய்ந்த ஒபோல் 0.6 இருப்பது சகஜம். அரை ஒபோல் 0.36 தான். காசு தேயும், வளராது. அதனால் அந்தச் சந்தேகம் வேண்டாம்.

மற்ற சில்லறைக் காசுகளை ஆந்தையை வைத்தே பிரிக்கலாம். மூன்று ஒபோல் காசில் அது நேராக நிற்கும், இரண்டு பக்கமும் ஆலிவ் கிளை. (ஏதென்ஸ் அரசியல்வாதி கிளியோன் காலத்தில் நீதிமன்ற நடுவருக்கு ஒருநாள் படி மூன்று ஒபோல். சில்லறையை வாயில் அடக்கிக்கொண்டு போவார்களாம்!) இரண்டு ஒபோலில் ஒரே தலைக்கு இரண்டு உடல். அரை ஒபோலில் மட்டும் உங்களுடையதைப் போன்ற ஆந்தையே வரும். அங்கேதான் தராசு வேண்டும்.

அதீனாவின் கண்ணைப் பாருங்கள். பக்கவாட்டு முகத்தில் முழு பாதாம் வடிவக் கண் இருந்தால் கி.மு. 5ஆம் நூற்றாண்டு. கண்ணும் பக்கவாட்டாக இருந்தால் 4ஆம் நூற்றாண்டு.

பதில் 2:
போலியா என்பதற்கு முதலில் விளிம்பு. பத்து மடங்கு லென்ஸில் சுற்றிலும் ஒரு கோடோ, அதை அரம் போட்டு மழுக்கிய தடமோ தெரிந்தால் வார்ப்பு. பரப்பில் குண்டூசி முனை அளவு குழிகள், கூர்மையில்லாத எழுத்து, இவையும் அதே கதைதான். அச்சில் அடித்த காசில் விளிம்பு வெடித்திருப்பது சகஜம்.

தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்ப்பது இதற்கு உதவாது. 0.61 கிராம் வெள்ளி இடம்பெயர்க்கும் நீர் 0.06 கிராம்தான். தராசு 0.01 பிசகினால் விடை 8.7 என்றும் வரும், 12.2 என்றும் வரும்.

எழுத்துகளையும் பாருங்கள். ஏதென்ஸைக் குறிக்கும் ஆல்பா, தீட்டா, எப்சிலான் என்ற மூன்று கிரேக்க எழுத்துகளும் ஒழுங்காக இல்லாமல் கிறுக்கலாக இருந்தால், பாலஸ்தீனத்தின் காசா (Gaza), சமாரியா பக்கம் ஏதென்ஸ் காசைப் பார்த்து அந்தக் காலத்திலேயே அடித்ததாக இருக்கலாம். அதுவும் பழைய காசுதான், போலி இல்லை.

கேட்டவர்:
கண் முழு பாதாம். விளிம்பில் ஒரு வெடிப்பு. எலுமிச்சைச் சாற்றில் போடட்டுமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். மண்ணுக்குள் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கலாம். அமிலம் அந்த வெடிப்பு வழியே இறங்கும். வெள்ளிக் குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி விபூதி, புளி எதுவும் ஆகாது. முதலில் போவது ஆந்தையின் கண்தான். வெறும் மண் என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, மரப் பல்குச்சியால் அழுத்தாமல் தள்ளுங்கள். கறுப்பு வழவழவென்று ஒட்டியிருந்தால் அது சல்பைடு, அப்படியே இருக்கட்டும்.

பதில் 2:
பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், பச்சைப் பிசின் படியும். மைலார் (பாலியெஸ்டர்) உறை போதும். வெடிப்பு இருப்பதால் கீழே மெத்தென்று துணி விரித்துக்கொண்டு கையில் எடுங்கள்.