வாஷிங்டனுக்கு பைக்கில் போனவர்களே, மியூசியத்தில் மறக்க முடியாதது எது?

தொடங்கியவர்:
போன அக்டோபரில் வர்ஜீனியா மலைச்சாலையான ஸ்கைலைன் டிரைவை முடித்த கையோடு வாஷிங்டன். கையில் இரண்டே மணி நேரம். ஹெல்மெட்டும் கையுமாக இயற்கை வரலாற்று மியூசியத்துக்குள் நுழைந்தேன். ஸ்மித்சோனியன் நிறுவனத்து மியூசியம் ஆயிற்றே, டிக்கெட் கிடையாது. ஹோப் வைரத்தைச் சுற்றி ஒரே கூட்டம். 45.52 காரட், அடர்நீலம், கண்ணாடிக்குள் மெல்லச் சுழல்கிறது. எனக்கு முன்னால் நின்ற சின்னப் பெண், "இது எங்கேயிருந்து வந்ததும்மா?" என்று கேட்டாள். "பிரான்ஸ் ராஜாவுடையது" என்றார் அம்மா. பொய்யில்லை, தாவர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் பதினான்காம் லூயிக்கு விற்ற கல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் குழந்தை கேட்டது அதையா? ஆந்திராவில் கிருஷ்ணா கரையில், கொல்லூர் சுரங்கத்தில் வெட்டியெடுத்த கல் என்றல்லவா சொல்கிறார்கள்! சொல்ல வாயெடுத்தேன். பின்னால் இருந்தவர்கள் தள்ள, நகர்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இரண்டாமவர்:
நண்பரே, கோபிக்காதீர்கள், அந்த இரண்டு மணி நேரத்தை வைரத்துக்குக் கொடுத்தது தப்பு. மியூசியத்துக்கு எதிரே இருக்கும் புல்வெளியைக் குறுக்கே கடந்தால் ஃப்ரீயர் கேலரி, ஆசியக் கலைக்கான மியூசியம். அங்கே செம்பியன் மாதேவி நிற்கிறாள், பத்தாம் நூற்றாண்டுச் சோழர் செப்புச் சிலை. சோழ மன்னர் கண்டராதித்தரின் மனைவி, செங்கல் கோயில்களைக் கற்கோயிலாக்கியவள். நான் போன அன்று நல்ல மழை, ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையில் வேறு யாருமில்லை. என்னையறியாமல் கை கூப்பிவிட்டேன். மூலையில் நின்ற காவலர் அருகே வந்து, "உங்கள் ஊர்த் தெய்வமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். "எங்கள் ஊர் ராணி" என்றேன். அவரும் ஒரு நிமிடம் என்னோடு நின்று பார்த்தார். 1929இல் வாங்கிய சிலை அது. எப்படி நம் மண்ணைவிட்டுப் போனது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

மூன்றாமவர்:
இருவரும் நகரத்துக்குள்ளேயே நின்றுவிட்டீர்கள். ஸ்கைலைன் டிரைவிலிருந்து ஃப்ரண்ட் ராயலில் இறங்கி 66ஆம் நெடுஞ்சாலையில் வருகிறீர்கள் என்றால், வழியிலேயே சாண்டிலியில் உத்வார்-ஹேஸி மையம் இருக்கிறது, விமான, விண்வெளி மியூசியத்தின் இன்னொரு கிளை. அங்கேதான் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தைப் பார்த்தேன். 39 முறை விண்வெளிக்குப் போய்வந்த ஓடம். அடிவயிற்று ஓடுகளில் வெந்த தழும்பைப் பார்த்ததும் கால் நகரவில்லை.

அடுத்து போகிறவர்களுக்கு: உத்வார்-ஹேஸியில் நுழைவு இலவசம், ஆனால் பார்க்கிங்குக்குக் காசு உண்டு. நகரத்தில் இருக்கும் விமான, விண்வெளி மியூசியத்துக்கு நேரம் குறித்த இலவசப் பாஸை முன்பே எடுத்துவிடுங்கள். டூல் பையில் இருக்கும் பேனாக்கத்தியை பைக்கிலேயே வைத்துவிட்டு வர மறக்காதீர்கள், வாசல் சோதனையில் விடமாட்டார்கள், திரும்பவும் பைக் வரை நடக்க வேண்டும். ஜாக்கெட்டையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கிவிடும், மெல்லிய ஷூ ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். அப்புறம், ஸ்கைலைனில் 35 மைல் வேகம்தான், மான் குறுக்கே வரும். அன்றைக்கே நகரத்துக்குள் போக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

தொடங்கியவர்:
ஃப்ரீயர் அவ்வளவு பக்கம் என்று அன்று தெரியாமல் போயிற்று. ஏப்ரலில் மறுபடியும் கிளம்புகிறேன். முதலில் ராணியைப் பார்த்துவிட்டுத்தான் வைரம். அங்கே யாராவது குழந்தை கேட்டால் இந்த முறை சொல்லிவிடுவேன்.