யானைக் கூட்டத்துக்குத் தலைவி உண்டா, இல்லையா?

பண்டாரவளை டீச்சர்:
போன மாதம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெல்லவாய, தணமல்வில வழியாக உடவளவை தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தோம். பிள்ளைகளில் பாதிப்பேர் காட்டு யானையைக் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான். குளத்துக்கரையில் எட்டு யானைகள் நின்றன, இரண்டு சின்னக் கன்றுகள். முன்னால் போன பெரிய பெண் யானையைக் காட்டி, அதுதான் பாட்டி, கூட்டத்தின் தலைவி, அது திரும்பினால் எல்லாம் திரும்பும் என்று ஜீப்புக்காரர் சொன்னார். அதை வைத்தே, பாட்டியின் ஆட்சி என்று, ஒரு மாணவிக்குப் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். பேச்சைக் கேட்ட ஒருவர், ஆபிரிக்க யானையின் கதையை இலங்கை யானைக்கு ஒட்டிவிட்டீர்கள், இங்கே அப்படித் தலைவி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது மனசுக்கு ஒத்துவரவில்லை. கன்று ஈன்ற தாயைச் சுற்றிப் பெரியம்மா, சித்தி எல்லாம் நிற்கிறதும், அடுத்தவள் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்கிறதும் எங்கள் தோட்டத்து வரிசை வீட்டு லயத்து வாழ்க்கை மாதிரியே இருக்கிறது. அங்கே மூத்தவள் சொல்லுக்கு மதிப்பில்லாமலா இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் விலங்கியல் மாணவன்:
டீச்சர், அந்த ஆள் சொன்னதுதான் சரி. ஜீப்புக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொன்னது கென்யாவின் அம்பொசெலியில் 1972 முதல் ஆய்வாளர் சிந்தியா மொஸ் பார்த்துவரும் சவன்னா யானைகளுக்குப் பொருந்துவது. டிவியில் வருகிற படங்களில் முக்கால்வாசி அந்த யானைகளைப் பற்றியவை, அதனால் உலகத்து யானை எல்லாம் அப்படித்தான் என்று மனசில் பதிந்துவிட்டது. நீங்கள் போன அதே உடவளவையில் யானை ஆய்வாளர் ஷெர்மின் டி சில்வாவும் அவருடைய குழுவும் பெண் யானைகளை ஒவ்வொன்றாக, காதுக் கிழிசலையும் வாலையும் வைத்து அடையாளம் கண்டு, யார் யாரோடு நிற்கிறார்கள் என்று வருடக்கணக்காகக் குறித்தார்கள். 2011இல் வந்த கட்டுரையில் 280க்கு மேற்பட்ட பெண் யானைகள் இருக்கின்றன. இன்றைக்கு மூன்று பேர் சேர்ந்து மேய்கிறார்கள், நாளைக்கு அதில் ஒருத்தி வேறு இருவரோடு நிற்கிறாள், மழைக்காலத்தில் ஒரு மாதிரி, வறட்சியில் வேறு மாதிரி. நீங்கள் பார்த்த எட்டும் ஒரு குடும்பம் என்று ஒரு நாள் பார்த்துச் சொல்லவே முடியாது. 2017இல் வந்த இன்னொரு கட்டுரையில் யார் யாருக்கு வழி விடுகிறார்கள், யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆபிரிக்காவில் வயதுப்படி தெளிவான வரிசை இருக்கிறது. இங்கே மோதலே குறைவு, நடந்தவற்றிலும் மூத்தவளே வெல்வாள் என்ற ஒழுங்கு பலவீனம்.

காரணமும் இருக்கிறது. அங்கே சிங்கம் உண்டு, வறட்சி வந்தால் நூறு கிலோமீற்றர் நடந்து தண்ணீர் தேடவேண்டும், ஒரு தலைமையின் கீழ் ஒட்டி நின்றால்தான் கன்று பிழைக்கும். இங்கே சிங்கமும் இல்லை, புலியும் இல்லை, சிறுத்தையால் யானையை ஒன்றும் செய்ய முடியாது. புல்லும் குளமும் பக்கத்திலேயே கிடைக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஏன் ஒருத்தியின் பின்னால் எல்லோரும் போகவேண்டும்?

மொனராகலைப் பேரன்:
தம்பி, கட்டுரையில் எத்தனை யானை இருந்தாலும் என் தாத்தா பார்த்ததை இல்லை என்று சொல்லாதீர்கள். நாங்கள் தோட்டத்தை விட்டுக் கீழே இறங்கி மொனராகலைப் பக்கம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்து பிழைத்த ஆட்கள். இராத்திரி பரணில் காவல் இருந்தால் கூட்டம் வருவது தெரியும். முதலில் ஒரு கிழட்டுப் பெண் யானை காட்டு விளிம்பில் வந்து நிற்கும், தும்பிக்கையைத் தூக்கிக் காற்றைப் பிடிக்கும், பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். மனுச வாடை பட்டால் திரும்பிவிடும், பின்னால் ஒரு சத்தம் இல்லாமல் அத்தனையும் திரும்பும். அதற்கு வலது காது கிழிந்திருக்கும், அதே யானைதான் வருடா வருடம் வந்தது. தலைவி இல்லை என்றால் அது யார்? எங்கள் சோளத்தைத் தின்றதும் அந்தக் கூட்டம் அல்ல, தனியாகத் திரியும் ஆண், தனியன்தான். தந்தமில்லாத அலியன் ஒன்று, மதம் பிடித்த நேரத்தில் கன்னத்தில் எண்ணெய் வடிய வந்து வீட்டுச் சுவரைத் தள்ளி நெல் மூட்டையை எடுத்தது. பெண் யானைகள் கன்றோடு ஊருக்குள் வரப் பயப்படும், அந்தப் பயத்தைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று யோசியுங்கள்.

ஹட்டன் விலங்கியல் மாணவன்:
அண்ணே, உங்கள் தாத்தா பார்த்ததை நான் மறுக்கவே இல்லை. பயிருக்கு வருவது பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள் என்பதையும் ஆய்வுகள் அப்படியே சொல்கின்றன. ஆண் கன்று பத்துப் பதினைந்து வயதில் தாயை விட்டுப் பிரிகிறது, அதற்குப் பிறகு ஆபத்தை எடுத்தாவது உடம்பை வளர்த்தால்தான் மற்ற ஆண்களோடு மோத முடியும். மதம் என்பது வியாதியும் இல்லை, பைத்தியமும் இல்லை, ஆண் ஹோர்மோன் சுரப்பு பல மடங்கு ஏறுகிற காலம்.

ஆனால் ஒருத்தி முன்னால் வந்து மோப்பம் பிடிப்பது வேறு, அவள் தலைவி என்பது வேறு. அனுபவம் உள்ளவள் முன்னால் நிற்கிறாள், அவ்வளவுதான். இன்னொன்று சொல்கிறேன். உடவளவையிலேயே 1995இல் தொடங்கிய யானைக் குட்டிகள் இடைத்தங்கல் நிலையம் இருக்கிறது. தாயை இழந்த கன்றுகளுக்குப் பால் கொடுத்து, மனிதரோடு ஒட்டவிடாமல் வளர்த்து, சில வயதானதும் கூட வளர்ந்த கன்றுகளோடு சேர்த்துக் காட்டில் விடுகிறார்கள். நூற்றுக்கு மேல் விட்டாயிற்று. அவற்றில் பெண் யானைகள் காட்டில் கன்றும் ஈன்றிருக்கின்றன. பாட்டி இல்லாமல், தாயும் இல்லாமல். தலைவி இல்லாவிட்டால் யானைக்கு வாழ்வில்லை என்றால் இது எப்படி நடந்தது?

பண்டாரவளை டீச்சர்:
தம்பி, தாய் இல்லாமல் வளர்ந்த பிள்ளை பிழைத்தது என்பதற்காகத் தாய் தேவையில்லை என்று ஆகிவிடுமா? நம்முடைய தோட்டத்திலும் பாட்டி இல்லாத வீடுகள் உண்டு, பிள்ளைகள் வளர்ந்தார்கள். பாட்டி இருந்த வீட்டில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு என்ன நடந்தது, இல்லாத வீட்டில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டால்தானே தெரியும்.

தேயிலைச் சரிவு:
டீச்சர் கேட்ட ஒப்பீட்டை மியன்மாரில் செய்தே இருக்கிறார்கள். மரம் இழுக்கிற யானைகளுக்கு அங்கே அரசாங்கம் தலைமுறை தலைமுறையாகப் பிறப்பு இறப்பு எழுதி வைத்திருக்கிறது. அவையும் நம்முடைய ஆசிய யானைகள்தான், ஆபிரிக்க யானை அல்ல. 2016இல் அந்தப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, இருபது வயதுக்குக் குறைந்த தாய்க்குப் பிறந்த கன்றின் பாட்டி அதே இடத்தில் இருந்தால், கன்று சாகும் ஆபத்து எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. எட்டில் ஒன்று! பாட்டி பக்கத்தில் இருந்தால் மகள் அடுத்த கன்றை ஈனும் இடைவெளியும் சுருங்குகிறது. அனுபவப்பட்ட தாய்க்கு அவ்வளவு வித்தியாசம் இல்லை, வயது குறைந்த தாய்க்குத்தான்.

யோசித்தால் நியாயம் புரியும். இருபது மாதத்துக்கு மேலும் வயிற்றில் சுமந்து, நூறு கிலோ எடையுள்ள ஒன்றைப் பெற்று, அது தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் தானே அதை மிதித்துத் தடுமாறுகிற மாதங்களில், பதினாறு வயதுத் தாய்க்கு என்ன தெரியும்? நான்கு ஐந்து வருடத்துக்கு ஒன்றுதான் பிறக்கிறது. ஒரு கன்று போனால் அத்தனை வருடம் போனது.

ஹட்டன் விலங்கியல் மாணவன்:
அந்தக் கட்டுரையை நானும் படித்தேன், மிக நல்ல வேலை, அதை ஏற்கிறேன். ஆனால் கவனியுங்கள், பாட்டி உதவுகிறாள் என்றுதான் அது நிரூபிக்கிறது, ஆள்கிறாள் என்று இல்லை. டீச்சருடைய பேச்சில் இருந்த சொல் ஆட்சி. என் சண்டை அந்தச் சொல்லோடு மட்டும்.

மொனராகலைப் பேரன்:
ஆள்வதும் உதவுவதும் எங்கள் வீட்டில் ஒரே ஆள்தான் செய்தார், தம்பி.

தேயிலைச் சரிவு:
ஆபிரிக்காக் கதையை முழுதும் தள்ளிவிடாதீர்கள் என்பதும் என் எண்ணம். தன்சானியாவின் தரங்கிரியில் 1993இல் கடும் வறட்சி வந்து, ஒன்பது மாதத்தில் 81 கன்றுகளில் 16 செத்தன. பூங்காவை விட்டு வெளியே போன கூட்டங்களில் இழப்புக் குறைவு. அவற்றில் 1958 முதல் 61 வரை இருந்த பழைய வறட்சியைக் கண்ட வயதான பெண் யானைகள் இருந்தன, அந்த நினைவுதான் காப்பாற்றியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நம்முடைய யானைக்கும் மூளை அதே மாதிரி, ஆயுள் அதே மாதிரி அறுபது, எழுபது. ஆறு தடவை கடைவாய்ப்பல் முளைத்து, கடைசிப் பல்லும் தேய்ந்து சப்ப முடியாமல் போகும்வரை வாழ்கிறது. அவ்வளவு காலம் வாழ்கிற ஒன்றின் தலைக்குள் இருக்கிற நீர்நிலைகளும் பாதைகளும் கூட்டத்துக்குப் பயனில்லாமல் போகுமா?

இன்னொன்று, தோட்டத்து ஆட்கள் என்ற முறையில் நாம் பேசவேண்டியது. வட வங்காளத் தேயிலைத் தோட்டங்களில் 2022, 23இல் ஐந்து யானைக் கன்றுகள் கானுக்குள் புதைந்து கிடந்தன, நம் மலைகளில் மழைத் தண்ணி ஓட வெட்டுகிற அதே மாதிரிக் கான். கன்று முதுகு கீழாக, கால்கள் மேலே தெரிய, மண் மூடிக் கிடந்தது. தூக்கி இழுத்து வந்த அடையாளம் உடம்பில் இருந்தது. கூட்டம் பிளிறிவிட்டுப் போயிருக்கிறது, பிறகு அந்த வழியைத் தவிர்த்தது. பார்த்த ஆய்வாளர்கள் 2024இல், தாய்மாரும் கூட்டமும் சேர்ந்து புதைத்தது என்றே எழுதினார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கான் வெட்டிய கை எங்களுடையது, எனக்கு அது பக்கத்து மலையில் நடந்த மாதிரி இருந்தது.

ஹட்டன் விலங்கியல் மாணவன்:
அக்கா, இதில் நான் உங்களோடு மோதத்தான் வேண்டும், மன்னியுங்கள். புதைத்ததை யாரும் நேரில் பார்க்கவில்லை. ஒடுக்கமான கானில் கன்று தவறி விழுந்தால் பாரமான முதுகு அடியில் போய்க் கால் மேலே வருவது இயல்பு. தாய் கரையில் நின்று காலால் மண்ணைச் சரித்து ஏற்ற முயன்றால் மண் கன்றின் மேல்தான் விழும். அப்படியும் படிக்கலாம். யானைக்குத் துக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை, செத்த கன்றைத் தூக்கிக்கொண்டு நாட்கணக்கில் அலைந்த ஆசியத் தாய் யானைகளைப் பலர் பார்த்துப் படமெடுத்திருக்கிறார்கள். ஆனால் காப்பாற்ற முயன்ற தாயை அடக்கம் செய்தவள் என்று எழுதினால் அவள் செய்ததை நாம் தவறாகச் சொல்கிறோம். அவளுக்காகவே இதில் கவனம் வேண்டும்.

தேயிலைச் சரிவு:
ஐந்தும் தவறி விழுந்தவை என்று என்னால் நம்ப முடியவில்லை தம்பி. ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்னது மனசைத் தொட்டது. காப்பாற்ற முயன்றவள் என்றாலும் அது சின்ன விஷயமில்லை.

பண்டாரவளை டீச்சர்:
ஒன்று கேட்கட்டுமா. தலைவி இல்லை, கூட்டம் ஒட்டி நிற்பதில்லை, இன்று ஒருத்தியோடு, நாளை இன்னொருத்தியோடு என்றால், குடும்பம் என்ற சொல்லே இலங்கை யானைக்குப் பொருந்தாதா? அப்படியென்றால் நான் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஹட்டன் விலங்கியல் மாணவன்:
ஐயோ, அப்படி இல்லவே இல்லை டீச்சர். யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ நம்முடைய தென்கிழக்குக் காடுகளில் சாணத்திலிருந்து மரபணு எடுத்து 2000ஆம் ஆண்டளவில் காட்டியது, சேர்ந்து திரியும் பெண் யானைகள் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை என்பது. மகள் தாயின் வட்டத்தை விட்டு வெளியே போவதில்லை. அந்த வட்டத்துக்குள்தான் பிரிந்தும் சேர்ந்தும் மேய்கிறார்கள். கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்றபோது காற்று அதிர்வதை உணர்ந்துதான், மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசுவதைக் கண்டுபிடித்தார். அந்த ஒலி காட்டுக்குள் கிலோமீற்றர் கணக்கில் போகும். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிற்பவளும் கூட்டத்தில்தான் இருக்கிறாள். நீங்கள் பார்த்த எட்டுப் பேருக்கு அப்பால் புதருக்குள் அவர்களுடைய அக்காமார் நின்றிருக்கலாம், ஜீப் சத்தத்தில் நமக்கு ஒன்றும் கேட்காது.

உங்கள் லயத்து உதாரணமே இதற்குப் பொருந்துகிறது. பத்துக் காம்பராவிலும் சொந்தம், ஆனால் கொழுந்துக்குப் போகும்போது இன்று இவளோடு, நாளை அவளோடு. கங்காணி இல்லாத லயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொனராகலைப் பேரன்:
கங்காணி இல்லை, சரி. கிழவி உண்டு. நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேயிலைச் சரிவு:
கிழவிகளை யார் கொன்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. வெள்ளைக்காரர் காலத்தில் பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஒருவர் மட்டும் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார், கல்லறை நுவரெலியாவில். ஹோர்ட்டன் சமவெளியில் அந்தக் காலத்தில் யானை மேய்ந்தது, இன்றைக்கு மரை மட்டும்தான். பிறகு கோப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை அழிக்க எங்கள் பாட்டன்மாரைக் கொண்டுவந்து கோடரியைக் கையில் கொடுத்தார்கள். இப்போது மலைநாட்டில் மிச்சம் சிவனொளிபாத மலைக் காட்டில், இரத்தினபுரிப் பக்கச் சரிவுகளில் ஒளிந்து வாழும் சில யானைகள்தான். அந்தச் சிலவற்றில் வழி தெரிந்த மூத்தவள் ஒருத்தி இருந்தால் அவளைக் காப்பாற்றத்தான் நான் ஆசைப்படுவேன், அவளைத் தலைவி என்று சொல்வதா வேண்டாமா என்பது எனக்குப் பிறகு.

பண்டாரவளை டீச்சர்:
பேச்சைத் திருத்திவிட்டேன். பாட்டியின் ஆட்சி என்ற வரியை எடுத்துவிட்டு, வயது குறைந்த தாய்க்குப் பக்கத்தில் பாட்டி நின்றால் கன்று பிழைக்கிறது என்று எழுதியிருக்கிறேன், மியன்மார்க் கணக்கோடு. மாணவி அதைப் படித்துவிட்டு, அப்போ அன்றைக்கு முன்னால் போனது யார் டீச்சர் என்று கேட்டாள். அடுத்த தடவை போகும்போது காதைப் பார்த்து வரைந்து வைப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஹட்டன் விலங்கியல் மாணவன்:
காலை ஆறு மணிக்கே உள்ளே போய்விடுங்கள். இரண்டு காதின் விளிம்பையும் தனித்தனியே வரையச் சொல்லுங்கள், கிழிசல், ஓட்டை, மேல் மடிப்பு எந்தப் பக்கம் என்று. வால் நுனியில் மயிர் எந்த மாதிரி என்பதையும். ஜீப்பை நிறுத்தியதும் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள்.